இடப்பக்கம் தேய்ந்த வண்டி

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மிருணாள் தன் கையால் மாட்டிய புது பெடல் ரப்பர், புதன்கிழமை காலையில் பழையதாகியிருந்தது.

மூன்று நாளாக விடாத மழை. பல் தேய்க்கிற பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே பின்னறைக்கு வந்தவள், ஓடு ஒழுகி வண்டி நனைந்திருக்குமோ என்று பார்க்கத்தான் குனிந்தாள். வண்டி நனையவில்லை. ஸ்டாண்டில் ஏற்றி வைத்தபடி, பின்சக்கரம் தரையிலிருந்து நாலு விரல் மேலே தூக்கியிருக்க, நேற்று விட்டுப்போன இடத்திலேயே நின்றது. மண்ணெண்ணெயும் கிரீஸும் ஈரச் சுவரின் பூஞ்சையும் கலந்த அந்த அறையின் வழக்கமான வாசனையும் அப்படியே இருந்தது. ஆனால் இடது பெடல் ரப்பரின் வெளி ஓரம் வழித்தெடுத்தது போல மழுங்கியிருந்தது. கட்டம் கட்டமாக இருந்த வரிகளை ஒரு விரல் அகலத்துக்குக் காணோம்.

கட்டைவிரலால் தடவினாள். சோப்புக்கட்டி போல வழுவழுவென்று இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால் தீற்றல் தெரியும், கீழே பொடி உதிர்ந்திருக்கும். இரண்டும் இல்லை. இது காலால், செருப்பால், வருஷக்கணக்கில் மிதித்து மிதித்துத் தேய்ந்த தேய்மானம். வலது பெடலின் ரப்பர் மட்டும் கடையிலிருந்து வந்த மினுமினுப்போடு இருந்தது.

மிருணாளுக்குத் தேய்மானம் தெரியும். லக்ஷ்மி ரோடில் ஒரு மாடியில் இருக்கும் பல்செட் செய்கிற கூடத்தில் அவளுக்கு இருபது வருஷ வேலை. ஒரு வாயின் அச்சை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் போதும், அந்த மனிதர் எந்தப் பக்கம் மெல்லுகிறார், தூக்கத்தில் பல்லை நறநறக்கிறாரா, பேனாவைக் கடிக்கிறாரா என்று சொல்லிவிடுவாள். குப்பைக்குப் போன பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்துச் சரிசெய்கிற கிறுக்கு அவளுக்கு வந்ததும் அதனால்தான். வாயைப் போலவே வண்டியும் தன் ஆளைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லும்.

"ஸ்ரீ, ராத்திரி இந்த வண்டிய நீ தொட்டியா?"

அவள் புருஷன் ஸ்ரீரங், போஹா என்கிற அவல் உப்புமாத் தட்டோடு கதவோரம் வந்து நின்றான். கல்லூரி நூலகத்தில் வேலை. மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பது அங்கிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம்.

"தொடறதா? அது பக்கத்துல போனா வேட்டியெல்லாம் கிரீஸ்னு நீதானே கத்துவ."

"இத பாரு. புது ரப்பர். ஒரே ராத்திரில இப்படி ஆயிருக்கு."

"மட்டமான சரக்கு. வேற என்ன? இல்லன்னா உன் நொண்டிக் காகா ராத்திரி எழுந்து ஒரு ரவுண்டு போயிட்டு வந்திருப்பாரு. மழையில சளி பிடிக்கப் போகுது, ஒரு மஃப்ளர் குடு அவருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தபடி போனான். மிருணாளும் சிரித்தாள். நுரை கசந்தது.

நொண்டிக் காகா, அதாவது நொண்டிச் சித்தப்பா, என்று பெயர் வைத்தது ஸ்ரீரங்தான். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜூனா பஜாரில் ரஃபீக் பாயின் பழைய இரும்புக் கடையில், வளைந்த ஜன்னல் கம்பிகளுக்கும் ஒரு துருப்பிடித்த டிரங்குப் பெட்டிக்கும் அடியில் அந்த வண்டி கிடந்தது. துரு மேலே பூத்திருந்ததே தவிர உள்ளே ஏறவில்லை. அறுபது எழுபது வருஷத்துக்கு முன் கப்பலில் வந்த வண்டி, ஆள் உயரத்துக்கு ஃப்ரேம், குதிரைச் சேணம் மாதிரி தடித்த தோல் சீட். வீட்டுக்குக் கொண்டுவந்து மண்ணெண்ணெயில் துடைத்த முதல் நாளே மிருணாள் அதை ஓட்டியவனைப் படித்துவிட்டாள். இடது பெடல் மட்டும் வளைந்து தேய்ந்திருந்தது, அவனுக்கு வலது கால் விளங்காது. சீட் இடப்பக்கமாக ஒரு கை அளவு குழிந்து, அடியிலிருந்த இடது ஸ்பிரிங் நசுங்கியிருந்தது, ஆள் கனத்தவன். முழு உடம்பையும் இடது காலில் போட்டு மிதித்திருக்கிறான். சாப்பாட்டு நேரத்தில் இதையெல்லாம் அவள் ஆர்வமாகச் சொல்லச் சொல்ல, ஸ்ரீரங் அந்த ஆளைச் சொந்தக்காரராகவே ஆக்கிவிட்டான். 'நொண்டிக் காகாவுக்கு ரெண்டு சப்பாத்தி எடுத்து வைக்கட்டுமா' என்பான்.

கேரியர் மட்டும் கம்பெனி வேலை இல்லை. உள்ளூர்க் கொல்லன் யாரோ பட்டைக் கம்பியில் அடித்து, எட்டு ஆணி அறைந்து பொருத்தியிருந்தான். சீட்டுக்குக் கீழே செங்குத்தாக இறங்கும் குழாயில், பெயிண்ட் வளையல் வளையலாகத் தேய்ந்திருந்தது. கயிறு அறுத்த தடம்.

"பால் கேன் கட்டிருப்பாங்க," என்றான் ஸ்ரீரங்.

பால் கேன் என்றால் கேரியரில் அல்லவா கட்டுவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை வேலைக்குப் போகும்போது பழைய தோலைப் பையில் எடுத்துப்போனாள். சீட்டுக்குச் செவ்வாய்க்கிழமையே புதுத் தோல் இழுத்து ஆணி அடித்தாகிவிட்டது. பழையது காய்ந்த அப்பளம் போலச் சுருண்டு கிடந்தாலும் தூக்கிப்போட மனமில்லை, ஊறவைத்து விரித்தால் அதன் விளிம்பை மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், வெதுவெதுப்பான தண்ணீரில் அதைப் போட்டு, பல் குத்தும் ஊசியால் பின் விளிம்பிலிருந்த அழுக்கை நெம்பினாள். விளிம்பு முழுக்கக் குழிகள். எலி கடித்தது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அழுக்கு போகப் போகக் குழிகள் வரிசையாயின.

அவள் கை நின்றது.

எலிக்கு இவ்வளவு பெரிய வளைவு வராது.

மெழுகைச் சூடாக்கினாள். தோலின் விளிம்பில் மேலும் கீழுமாக வைத்து அழுத்தினாள். இருபது வருஷமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை செய்கிற வேலை, கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். மெழுகு இறுகியதும் விளக்கடியில் பிடித்தபோது அது மற்ற அச்சுகளைப் போலவே சாதாரணமாக, தெளிவாக இருந்தது. மேல் வரிசை முன்பற்கள் நாலு. கோரைப்பல் ஒன்று. கீழ் வரிசையில் நெருக்கியடித்த ஆறு. ஒரு மனித வாய்.

அதன் பக்கத்தில் இன்னொன்று. இதற்கு முன்பல்லில் ஒரு இடைவெளி. அதன்மேல் ஏறினாற்போல் வேறொன்று, தாடை குறுகலானது, பெண்ணாக இருக்கலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு எண்ணத் தொடங்கினாள். ஒரே ஆள் பல தடவை கடித்ததாக இருந்தால் ஏதாவது இரண்டு ஒத்துப்போக வேண்டும். எதுவும் எதோடும் ஒத்துப்போகவில்லை. பதினோரு வாய். கடைசியாக, இடது ஓரத்தில், விளிம்பை எட்டிப் பிடித்த மாதிரி மேலோட்டமாக ஒரு சின்ன வளைவு. மணி மணியாக, இடைவெளி விட்டு. பால்பற்கள். ஆறு வயது இருக்கும்.

எல்லாம் ஒரே இடத்தில். எல்லாம் பின்னாலிருந்து.

அன்று ராத்திரி ஸ்ரீரங்கிடம் அவள் இதைச் சொல்லவில்லை. அவன் சிரித்துவிடுவான் என்பது ஒரு காரணம். சிரிக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்பது இன்னொன்று.

வியாழக்கிழமை பேட்டை முழுக்கப் பகலில் கரண்ட் இருக்காது, கூடத்துக்கும் விடுமுறை. ஸ்ரீரங் வேலைக்குப் போனபின் வீட்டில் மழைச் சத்தம் மட்டும். மாடிவீட்டுக் கிழவி சுமன் காகு ஏதோ இடிக்கிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டு, அதுவும் நின்றது. மத்தியானம் மூன்று மணி இருக்கும், ஆனால் முற்றத்தில் வெளிச்சம் சாயங்காலம் போலச் சாம்பலாகக் கிடந்தது. மிருணாள் பின்னறைக் கதவில் சாய்ந்து வண்டியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். கேரியரில் ஒரு ஆள் உட்கார்ந்தால் அவன் வாய் ஓட்டுகிறவனின் முதுகு உயரத்துக்கு வரும். சீட்டின் விளிம்பு இடுப்புக்குக் கீழே. அங்கே எப்படிப் பல் படும்?

தெரிந்துகொள்ளாமல் இருக்க அவளால் முடியாது. அச்சு பொருந்தவில்லை என்றால் பொருந்தும் வரை திருப்பித் திருப்பிப் பார்க்கிற கை அது.

வண்டியைச் சுவரோரம் அணைத்து, கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். பட்டைக் கம்பியின் குளிர் சேலையைத் தாண்டித் தொடையில் ஏறியது. குழாயில் அந்த வளையல் தடங்கள் இருந்தன. கைகளை நீட்டினாள். எட்டவில்லை. இன்னும் குனிந்தாள். சீட்டின் இரண்டு பக்கமும் கைகள் புகுந்து, மணிக்கட்டுகள் குழாய்க்கு அந்தப் பக்கம் ஒன்றுசேர்ந்தபோது தடங்கள் சரியாக மணிக்கட்டின் மேல் வந்தன. தோள் இழுத்தது. முதுகு வளைந்தது. முகம் தானாகவே கீழே போய், சீட்டின் பின் விளிம்பில் இடித்தது.

வாய் சரியாக அங்கே வந்தது.

கட்டியிருக்கிறார்கள். கைகளை முன்னால் இழுத்துக் கட்டி, முகத்தைச் சீட்டில் அழுத்தி, கத்த முடியாமல். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம் பல் தோலில் இறங்கியிருக்கிறது.

அப்படியே குனிந்திருந்தாள். மூச்சு தோலில் பட்டுத் திரும்ப முகத்தில் அடித்தது. புதுத் தோலின் வாசனை. அதற்கு மேல் வேறு ஒரு வாசனை மெதுவாக வந்தது. மூக்குப்பொடி. நனைந்த கம்பளி. பல நாள் குளிக்காத ஒரு பெரிய உடம்பு. எங்கோ செங்கல் வேகிற புகை.

கண்ணுக்கு இரண்டு விரல் முன்னால், சீட்டுக்கு அடியில், இடது ஸ்பிரிங் இருந்தது. புதிதாகப் போட்டது. வெள்ளையாக மின்னியது.

அது அமுங்கியது.

மெதுவாக. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. கனத்த ஆள் ஒருவன் நிதானமாக ஏறி உட்காரும்போது அமுங்குவது போல. தோல் முனகியது. அவள் நெற்றியில் எதுவோ உரசியது, சொரசொரவென்று, ஈரமாக.

கைகளை உருவிக்கொண்டு பின்னால் சரிந்து விழுந்தாள். முழங்கை தரையில் மோதி மரத்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. தவழ்ந்தே வெளியே வந்து, கதவைச் சாத்தி, நாதாங்கி போட்டு, பீரோவுக்குப் போடும் பெரிய பூட்டை எடுத்துவந்து பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். தூங்கும்போதும் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஸ்ரீரங் பாக்ரி ரொட்டியைப் பிட்டு வாயில் வைத்தவன், முகத்தைச் சுளித்துக்கொண்டு கீழே வைத்தான்.

"தாடையெல்லாம் வலிக்குது மிரு. யாரோ அறைஞ்ச மாதிரி. நல்லா தூங்கினேன், ஆனா தூங்கின மாதிரியே இல்ல."

"எங்க வலிக்குது?"

"இங்க. பல்லு கூட ஆடற மாதிரி இருக்கு. நீ பண்ண பல்லுதான், கேரண்டி இருக்கா?"

அவன் சட்டையின் கையைச் சுருட்டிவிட்டுத் தேநீரை எடுத்தான். மணிக்கட்டில் சிவப்பாக ஏதோ இருந்ததா, ஜன்னல் நிழலா, அவளுக்குத் தெரியவில்லை. அவன் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். தெருமுனையில் அவன் குடை மறையும் வரை பார்த்திருந்துவிட்டு, இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

பூட்டு பூட்டியபடி இருந்தது. பின்னறையிலிருந்து தெருவுக்குப் போகும் கதவின் குறுக்குக் கட்டையும் அப்படியே. வண்டி ஸ்டாண்டில் நின்றது. இரண்டு டயரிலும் கறுப்புச் சேறு. சொட்டிக்கொண்டிருந்தது. சேற்றில் சின்னச் சின்னதாகச் செங்கல் துகள்கள்.

சீட்டின் பின் விளிம்பில், மூன்று நாள் முன் அவள் இழுத்து அடித்த புதுத் தோலில், ஒரே ஒரு கடித் தடம்.

பார்த்தபோதே தெரிந்தது. ஆனால் பார்த்தது போதாது. மெழுகு வைத்தாள். முதல் அச்சு கெட்டது. இரண்டாவதை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு, ரிக்ஷா பிடித்து, கூடத்துக்கு ஓடி, மேல் தட்டில் பெயர் எழுதி அடுக்கியிருக்கும் சாந்து அச்சுகளில் ஒன்றை இறக்கினாள். நாலு வருஷத்துக்கு முன், படியில் விழுந்து பல் உடைத்துக்கொண்ட ஒருவனுக்கு அவளே செய்தது. இடது கோரைப்பல். அடுத்த பல்லைவிட இழை உள்ளே தள்ளி, கொஞ்சம் சாய்த்து, அவனுக்கு இருந்த பழைய பல் போலவே. எல்லோரும் நேராக வைக்கச் சொன்னார்கள். நேராக வைத்தால் அவன் சிரிப்பு மாறிவிடும் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள்.

மெழுகைச் சாந்தின் மேல் வைத்தாள். டக்கென்று உட்கார்ந்தது. மூடி பாட்டிலில் உட்காருவது போல.

ஸ்ரீரங்.

போனில் அவன் குரல் எப்போதும் போல இருந்தது. நூலகத்தில் பேசுகிற ரகசியக் குரல்.

"ஸ்ரீ, நான் சொல்றத கேளு. இன்னிக்கு நேரா உங்க அக்கா வீட்டுக்குப் போயிடு. கோத்ரூட்ல இரு. வீட்டுக்கு வராத."

"ஏன்? அவ சமையல சாப்பிடற அளவுக்கு நான் என்ன தப்பு பண்ணேன்?"

"விளையாடாத. ஓடு இறங்குது, வீட்ல தண்ணி. நான் ஆள வச்சு சரி பண்ணிட்டு நாளைக்கு கூப்பிடறேன். போவியா?"

"சரி, போறேன் போறேன். நீ ஏன் அழற?"

"அழல. சத்தியமா போவியா?"

"போறேன்டி."

வீட்டு வாசலில் சுமன் காகு கறிவேப்பிலைக் கட்டோடு படியேறிக்கொண்டிருந்தாள். மாடியில் ஐம்பது வருஷமாகக் குடியிருப்பவள். விடியற்காலையில் பால்காரனுக்காக மாடி வராந்தாவில் வந்து நிற்பது அவள் வழக்கம்.

"மிருணாள், நில்லு. உன் வீட்டுக்காரருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏன் காகு?"

"இல்ல, காலைல சைக்கிள்ல கூட்டிட்டு வந்து விட்டாங்களே. பின்னால குனிஞ்சு படுத்த மாதிரி உக்காந்திருந்தாரு. அந்த மழையில! ஆஸ்பத்திரிக்குத்தான் போயிட்டு வராருன்னு நெனச்சேன். ஸ்ரீரங்னு கூப்பிட்டேன், நிமிரவே இல்ல."

மிருணாள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓட்டினது யாரு?"

"நம்ம ஆளுங்க மாதிரி தெரியல. கம்பளி போத்தியிருந்தான். மூஞ்சி தெரியல. ஒரு கால் சும்மா தொங்கிட்டே வந்துச்சும்மா, பாவம், அதோட எப்படித்தான் மிதிக்கிறானோ."

அவள் போன் செய்ததும் ரஃபீக் பாய் தன் தம்பியின் டெம்போவை அரை மணியில் கொண்டுவந்துவிட்டார். சிவந்த தாடி, வாய் நிறைய பான். வண்டியைப் பார்த்ததும் உச்சுக்கொட்டினார்.

"என்ன தாயி, இவ்வளவு அழகா பண்ணிட்டு வெட்டச் சொல்றீங்க? கல்யாணப் பொண்ண கசாப்புக்கு அனுப்பற மாதிரி இருக்கு. நான் வேற ஆளுக்கு..."

"வேற யாருக்கும் வேணாம், பாய். என் கண்ணு முன்னால வெட்டணும். இப்பவே."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் வண்டியை டெம்போவில் ஏற்றினார். கடையின் பின்புறத் தகரக் கொட்டகையில், மழை தகரத்தில் அறைய, காஸ் வெட்டுக் குழாயின் நீலத் தீ ஃப்ரேமில் இறங்கியது. அவள் ஒரு பழைய வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். பெரிய குழாய் முதலில். பிறகு முன் ஃபோர்க். பிறகு கேரியர், எட்டு ஆணியும் தனித்தனியாக. சீட்டின் தோலை அவளே கத்தியால் கீறித் தீயில் போட்டாள். அது சுருண்டு எரிந்தபோது வந்த நாற்றம் வெறும் தோல் நாற்றம்தான்.

"இது எங்க கெடச்சுது பாய்?"

"மூல்ஷி பக்கம். பழைய செங்கல் சூளை ஒண்ண இடிச்சாங்க, அந்தச் சாமானெல்லாம் மொத்தமா வந்துச்சு." பானைத் துப்பிவிட்டு, ஏதோ வேடிக்கை சொல்வது போலச் சொன்னார். "அங்க வேலை பாத்த கிழவன் ஒருத்தன் சொன்னான். அந்தக் காலத்துல முன்பணம் வாங்கிட்டு வந்த கூலிங்க ராத்திரில ஓடிப்போவாங்களாம். பிடிச்சிட்டு வர்றதுக்குன்னே ஒரு முகாதம், கங்காணி மாதிரி ஆளு, இருந்தானாம், சைக்கிள்ல போவானாம். ஆள் எண்ணிக்கை குறையக் கூடாது, அதான் அவன் வேலை. ஓடினவன் கிடைக்கலன்னா வழியில யாரு கிடைக்கிறாங்களோ அவங்கள கட்டித் தூக்கிட்டு வந்துடுவானாம். கிழவனுங்க பேச்சு தாயி, ஒண்ணுக்கு ஒம்பது சொல்லுவானுங்க."

வெட்டிய துண்டுகளைச் சாக்கில் கட்டி, வேறு இரும்போடு கலந்து, உருக்குகிற ஆலைக்குப் போகும் லாரியில் ஏற்றினார்கள். லாரி பாலத்தைத் தாண்டும் வரை நின்று பார்த்தாள். அதற்குப் பிறகுதான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஒரு கடையில் நின்று தேநீர் குடித்தாள். இரண்டு வடா பாவ் தின்றாள்.

வீட்டுக்கு வந்தபோது ஏழு மணி. பேட்டை முழுக்க இருட்டு, மழையில் கரண்ட் போயிருந்தது. யார் வீட்டிலோ மெழுகுவத்தி. வாசல் கதவைத் தள்ளியதும் திறந்துகொண்டது.

பூட்டிவிட்டுத்தானே போனாள்.

நடையில் ஸ்ரீரங்கின் குடை விரித்தபடி கிடந்தது. அதன் நுனியிலிருந்து தண்ணீர் ஓடி வாசலுக்கு வந்திருந்தது.

"ஸ்ரீ?"

வீட்டுக்குள் செங்கல் புகை வாசனை. சூடாக. பக்கத்தில்.

"அக்கா வீட்டுக்குப் போகச் சொன்னேன்ல? ஸ்ரீ?"

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டிக்டிக்டிக்டிக். சீராக, வேகமாக. எந்தத் தூக்கத்திலும் அவளுக்கு அடையாளம் தெரிகிற சத்தம். மிதிப்பதை நிறுத்திவிட்டு வண்டியை அதன் போக்கில் ஓடவிட்டால், பின்சக்கரத்தின் ஃப்ரீவீல் போடும் சத்தம்.

போனின் விளக்கைப் போட்டுக்கொண்டு பின்னறைக்குப் போனாள். காலி. எண்ணெய்க் கறை. காய்ந்துபோன சேற்றுத் துளிகள். வேறு ஒன்றுமில்லை. மூலை மூலையாக வெளிச்சம் அடித்தாள். சத்தம் அங்கே இல்லை.

அவளுக்குப் பின்னால் கேட்டது. படுக்கையறையில்.

டிக்டிக்டிக்.

நடந்தாள். உள்ளே இருப்பது ஸ்ரீ. தனியாக இருப்பான். கதவு பாதி திறந்திருந்தது. விளக்கை உள்ளே நீட்டினாள்.

ஸ்ரீரங் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில், தரையில், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நின்றிருந்தான். தொப்பலாக நனைந்திருந்தான். கழுத்திலிருந்து நூலக அட்டை தொங்கி மெல்ல ஆடியது. உள்ளங்கைகள் சேற்றில் பதிந்து கறுத்திருந்தன. முழங்காலில் பேன்ட் கிழிந்து சதை தெரிந்தது. வெகு தூரம் வந்தவன் போல மூச்சு வாங்கியது. சத்தம் அவன் வாயிலிருந்து வந்தது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும். டிக்டிக்டிக். தாடை அவன் வசத்தில் இல்லை.

கண்கள் மட்டும் அவன் வசத்தில் இருந்தன. அவளைப் பார்த்தன. போ என்றன.

"ஸ்ரீ... எழுந்திரு. ஸ்ரீ."

அவன் எழவில்லை. எழ முடியாது. விளக்கு அவன் முதுகின் மேல் போனபோது அது தெரிந்தது. சட்டை முதுகின் நடுவில் அமுங்கியிருந்தது. ஈரத்தில் ஒட்டியதல்ல. அமுங்கியிருந்தது. விலா எலும்புகள் உள்ளே போய், இடப்பக்கமாகச் சரிந்து, கை அளவு குழி. அவன் மூச்சு இழுக்கும்போது குழி மேலே வர முயன்றது. மறுபடி இறங்கியது. ஏதோ முனகியது. தோல் அல்ல. எலும்பு.

பல் சத்தம் வேகம் குறைந்தது.

டிக். டிக்.

வண்டி நிற்கிறது.

டிக்.

நின்றது.

மழையும் அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது போல இருந்தது. குழி நகர்ந்தது. அவன் முதுகில் முன்னால், தோள்பட்டைப் பக்கமாக, ஒரு சாண் நகர்ந்து அழுந்தியது. பின்னால் இடுப்பின் மேல் சட்டை தளர்ந்து எழும்பியது. அங்கே இன்னொரு ஆள் உட்கார இடம்.

மிருணாளின் மணிக்கட்டுகள் ஒன்றையொன்று தேடிக்கொண்டு சேர்ந்தன. அவள் சேர்க்கவில்லை. போன் கீழே விழுந்தது. வெளிச்சம் தரையோடு போய் அவன் முகத்தில் அடித்தது.

ஸ்ரீரங்கின் தலை அவள் பக்கமாகத் திரும்பியது. தானாகத் திரும்பிய திருப்பமல்ல. அவனுடைய இரண்டு காதுகளும் பின்னால் மடிந்து நசுங்கியிருந்தன, பெரிய கைகள் இரண்டு அவற்றை இறுக்கிப் பிடித்திருப்பது போல.